மழை ஏமாத்துச்சா, வரத்துக்கால் ஏமாத்துச்சா: ஊர் வறட்சிக்கு நாமளே கணக்கு பார்க்குறது எப்படி

வறட்சின்னு சொன்னதும் எல்லாரும் அண்ணாந்து வானத்தைத்தான் பார்க்குறோம். ஆனா ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் எந்த ஊர்ப் பெருசுகிட்ட வேணா பேச்சுக் குடுத்துப் பாருங்க, மழை நல்லா பெஞ்ச வருஷத்துலயே கம்மாய் பாதி கூட பெருகாம போன கதை ரெண்டு மூணாவது வச்சிருப்பாங்க. மழையே பெய்யாத வருஷமும் உண்டு, அது வேற. இந்த ரெண்டையும் ஒரே பேரு சொல்லி வறட்சி வறட்சின்னு கூப்பிடுறதுதான் சிக்கலே. மழை பொய்ச்சா பயிரை மாத்தலாம், நிவாரணம் கேட்கலாம், அதுக்கு மேல மனுஷன் கையில ஒண்ணும் இல்ல. ஆனா கம்மாய்க்குத் தண்ணி வர்ற வழியை, அதான் வரத்துக்காலை, அடைச்சது, இருந்த தண்ணியை மூணே மாசத்துல உறிஞ்சி முடிச்சது, இதெல்லாம் நாம பண்ணது, இதுல பண்ண வேண்டியது ஏகப்பட்டது இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனுவை நீட்டிட்டு வந்தா மட்டும் தீராது.

அதனால இங்க சொல்லப்போறது இதுதான்: உங்க ஊர் வறட்சியில வானத்தோட பங்கு எவ்வளவு, நம்ம பங்கு எவ்வளவுன்னு ஒரு நோட்டும் பேனாவும் வச்சு எப்படிப் பிரிச்சுப் பார்க்குறது, பார்த்தப்புறம் எதை எந்த மாசத்துல பண்றது. கம்மாய்ப் பாசனம் இருக்குற ஊரை மனசுல வச்சு எழுதுறேன். ஏரின்னு சொல்ற வட மாவட்டத்துக்காரங்க, குளம்னு சொல்ற திருநெல்வேலிக்காரங்க எல்லாருக்கும் இது பொருந்தும், பேருதான் மாறும். டவுன்ல இருக்குறவங்களுக்கும் கடைசிக்கு முன்னால கொஞ்சம் இருக்கு.

முதல்ல மழைக் கணக்கு

"இந்த வருஷம் மழையே இல்லப்பா"ன்னு டீக்கடையில சொல்றது கணக்கு இல்ல. நமக்கு வருஷத்துக்கு கிடைக்குற மழையில பாதிக்குக் கிட்ட அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பெய்யுற வடகிழக்குப் பருவமழைதான், தெக்க, கடலோரம் போகப் போக அந்தப் பங்கு இன்னும் கூடும். அதனால பார்க்க வேண்டியது அந்த மூணு மாசம். வானிலைத் துறைக்காரங்க கணக்குல, வழக்கமான அளவுல 19 சதவீதம் வரைக்கும் கூடக் குறைய இருந்தா அது இயல்பான மழைதான். 20ல இருந்து 59 சதவீதம் வரை குறைஞ்சா பற்றாக்குறை, 60க்கு மேல போனா பெரும் பற்றாக்குறை. 2016ல தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சுது, 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சுது. அந்த வருஷத்துக்கு யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், அது வானம் பண்ணது (அதுலயும் யாரு கிணத்துல தண்ணி இருந்துச்சு, யாரு கிணறு முதல்ல வத்துச்சுங்கிறது மனுஷன் பண்ணதுதான், அது பின்னால வருது).

உங்க தாலுகாவுல மழைமானி எங்க இருக்குன்னு விசாரிங்க, பெரும்பாலும் தாலுகா ஆபீஸ்லயோ அணைக்கட்டுலயோ இருக்கும். ஆனா நம்ம பக்க மழை ஒரு ஊருக்குப் பெய்யும் பக்கத்து ஊருக்குப் பெய்யாது, அதனால ஊர்லயே ஒண்ணு வச்சுக்கிறது நல்லது. பெரிய செலவெல்லாம் இல்ல, மேலயும் கீழயும் ஒரே அகலமா, அடி தட்டையா இருக்குற ஒரு டப்பா, மரத்துக்கும் செவுத்துக்கும் தள்ளி வெட்டவெளியில, ஆடு மாடு முட்டாத மாதிரி ஒரு கட்டை மேல நிறுத்திட்டு, தினம் காலையில எட்டரை மணிக்கு ஒரு ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர்னு எழுதிட்டு கொட்டிடுங்க. பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்ட குடுத்தா நம்மள விட ஒழுங்கா எழுதுவாங்க. மொத்த மழை மட்டும் இல்ல, எத்தனை நாள் பெஞ்சுதுன்னும் எழுதணும். ஒரு நாளைக்கு 2.5 மி.மீ.யோ அதுக்கு மேலயோ பெஞ்சாதான் அது மழை நாள். ஏன் இதைச் சொல்றேன்னா, நாலே நாள்ல கொட்டித் தீர்க்குற 300 மி.மீ.யும் முப்பது நாளா விட்டு விட்டுப் பெய்யுற 300 மி.மீ.யும் ஒண்ணு இல்ல, முதல் கணக்குல கம்மாய் பெருகும் ஆனா மானாவாரி காயும், ரெண்டாவது கணக்குல பயிர் பச்சையா நிக்கும் ஆனா கம்மாய்க்கு ஒரு சொட்டு வராது.

ஒரு மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர், ஆக ஒரு ஏக்கர்ல ஒரு மி.மீ. பெஞ்சா கிட்டத்தட்ட 4000 லிட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, இனி எல்லாக் கணக்கும் இதுலதான் ஓடும்.

ரெண்டு பத்தி நோட்டு

இப்ப நோட்டுல ஒரு பக்கத்தை ரெண்டாப் பிரிச்சு, இடது பக்கம் கடந்த இருபது வருஷ வடகிழக்கு மழை (தாலுகா கணக்கு கேட்டா கிடைக்கும், கிடைக்கலன்னா ஆர்டிஐ போடலாம்), வலது பக்கம் அந்தந்த வருஷம் கம்மாய் எவ்வளவு பெருகுச்சுன்னு எழுதணும். வலது பக்கத்துக்கு ரெக்கார்டு எங்கயும் தேட வேண்டாம், நீர்பாய்ச்சி (ஊர் வயலுக்குத் தண்ணி திறந்து விடுறவங்க) குடும்பத்துல யாராவது இருந்தா அவங்களும், ஊர்ல நாலு வயசானவங்களும் போதும். வருஷத்தைச் சொல்லிக் கேட்டா ஞாபகம் வராது, "மூத்தவ கல்யாணம் நடந்துச்சே, அந்த வருஷம் மறுகால் போச்சா"ன்னு கேட்டா டக்குனு சொல்லுவாங்க. மறுகால் போன, அதாவது நிறைஞ்சு வழிஞ்ச வருஷம், முக்கால் பெருகுன வருஷம், அரை, கால், தரை தெரிஞ்ச வருஷம், இப்படிப் போட்டா போதும்.

போட்டு முடிச்சப்புறம் ரெண்டு பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மழையும் இல்ல கம்மாயும் பெருகலன்னா அது நேர்மையான வறட்சி. மழை இயல்பு, ஆனா கம்மாய் பெருகலன்னா நீர்பிடிப்புலயோ வரத்துக்கால்லயோ கை வச்சிருக்காங்க. கம்மாய் பெருகுச்சு, ஆனா தை மாசத்துலயே தரை தெரிஞ்சுதுன்னா மண் மேடு, ஓட்டை மடை (வயலுக்குத் தண்ணி திறக்குற வாய்), இல்லன்னா யாரோ மோட்டார் வச்சு எடுக்குறாங்க. கம்மாய்லயும் தண்ணி கிடந்துச்சு, கிணறு மட்டும் வத்திப் போச்சுன்னா போர்வெல் கணக்கைத்தான் பார்க்கணும். ஊருக்கு ஊர் இது மாறும், பெரும்பாலும் ரெண்டு மூணு சேர்ந்தே இருக்கும், ஆனா எது பெருசுன்னு தெரியாம ஜேசிபியைக் கூப்பிட்டா காசு போனதுதான் மிச்சம்.

வரத்துக்கால்ல நடக்குறது

இதுதான் முக்கியமான வேலை, இதை யாரும் பண்றதே இல்ல. கம்மாய் தூர்வார்றோம்னா போட்டோ எடுக்க ஆள் வரும், வரத்துக்கால் நடக்கப் போறோம்னா ஒருத்தனும் வரமாட்டான், ஏன்னா அது அடுத்த ஊர் எல்லைக்குள்ள போகும், முள்ளுக்குள்ள போகும், நமக்குத் தெரிஞ்ச ஆளு வயலுக்குள்ளயே போகும்.

நடக்குறதுக்கு முன்னால கிராம வரைபடமும், வரத்துக்கால் போற சர்வே நம்பருக்கெல்லாம் எஃப்எம்பியும் (நிலத்தோட அளவுப் படம்) எடுத்துக்கோங்க. தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டா அ-பதிவேடு (எது என்ன வகை நிலம்னு சொல்ற கணக்கு) பார்க்கலாம், அதுல வாய்க்கால், ஓடை புறம்போக்குன்னு இருக்கும். கூகுள் எர்த்துல பழைய வருஷப் படத்தை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம், கால் எங்க இருந்துச்சு எந்த வருஷம் காணாம போச்சுன்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும். முதல் நடை ஆடி ஆவணியில, காய்ஞ்சு கிடக்கும்போது. ரெண்டாவது நடை ஒரு கனமழை பெஞ்சு மறுநாள் காலையில, ஏன்னா தண்ணி எங்க நிக்குது, எங்க திரும்பி வேற பக்கம் போகுதுன்னு தண்ணியே காட்டிக் குடுத்துரும். ஒவ்வொரு இடத்துலயும் லொகேஷன் வர்ற மாதிரி போட்டோ எடுங்க.

என்னென்ன பார்க்கணும்னா, ரோடு குறுக்க வர்ற இடத்துல பாலத்தோட தளம் வரத்துக்கால் மட்டத்தை விட மேல இருக்கான்னு பாருங்க, ரோடு போட்டவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒசத்திப் போட்டுட்டே வந்திருப்பாங்க, ஒரு அடி ஒசந்தா போதும், மேல பல ஏக்கர்ல பெய்யுற மழை அப்படியே திரும்பிடும். பிளாட் போட்டு கல்லு நட்ட இடம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், வரத்துக்காலை உழுது வயலோட சேர்த்துக்கிட்ட இடம், இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது மேல்கம்மாய்க்காரங்க கலுங்குல (கம்மாய் நிறைஞ்சா வழியுற இடம்) மணல் மூட்டை அடுக்கி வச்சிருக்குறது. நம்ம பக்கம் கம்மாய் எல்லாம் சங்கிலி மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, மேல்கம்மாய் பெருகி கலுங்கு வழியா மறுகால் பாஞ்சாதான் கீழ்க்கம்மாய்க்கு தண்ணி. அவங்க கலுங்கை அரை அடி ஒசத்துனா அவங்களுக்கு லாபம் கொஞ்சம், நமக்கு நட்டம் ஏகம், இதைத் தகராறாக்காம ரெண்டு ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி முடிக்கிறதுதான் வழி, கோர்ட்டுக்குப் போனா நம்ம பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும்.

ஆத்துல இருந்து கால் பிரியுற ஊருக்கு இன்னொரு கொடுமை உண்டு. வைகை, பாலாறுன்னு மணல் அள்ளி அள்ளி ஆத்துப் படுகை கீழ இறங்கிடுச்சு, ஆனா வாய்க்காலோட தலைவாய் (ஆத்துத் தண்ணி உள்ள நுழையுற இடம்) பழைய மட்டத்துலயே மேல நிக்குது. ஆத்துல தண்ணி ஓடும், கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம், வாய்க்காலுக்குள்ள ஏறாது. முன்னாடி ஆத்துல கொஞ்சமா தண்ணி வந்தாலே ஏறிக்கிட்டிருந்த கால், இப்ப வெள்ளம் வந்தாதான் ஏறும். மழைக் கணக்குல குறை இல்ல, அணையில திறந்தாங்க, ஆனா ஊரு வறட்சி. இதுக்கு ஊர் மட்டத்துல வைத்தியம் இல்லீங்க, தலைவாய் பக்கத்துல தடுப்பணையோ படுகையை ஒசத்துற வேலையோ நீர்வளத்துறைதான் பண்ணனும், நீங்க பண்ண வேண்டியது மட்ட வித்தியாசத்தை அளந்து எழுதி, போட்டோ வச்சு, சும்மா "தண்ணி வரல"ன்னு எழுதாம "தலைவாய் படுகையை விட இத்தனை அடி மேல நிக்குது"ன்னு எழுதுறது. ரெண்டு மனுவுக்கும் கிடைக்குற மரியாதையே வேற.

சீமைக்கருவேலம் பத்தியும் கேப்பீங்க. காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுது, அதனாலதான் மழை வரலன்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதையை நம்பாதீங்க. ஆனா வரத்துக்கால்லயும் கம்மாய் உள்வாய்லயும் அது அடைச்சுக்கிட்டு நிக்குறது நெசமாவே தொந்தரவு, தண்ணி ஓட்டத்தைத் தடுக்கும், மண்ணைப் பிடிச்சு மேடாக்கும். அங்க வேரோட எடுங்க, வெட்டி மட்டும் விட்டா அடுத்த வருஷம் நாலு மடங்கா தழைக்கும். தரிசுல நிக்குறதை அவசரப்பட்டு எல்லாம் அழிக்கணும்னு நான் சொல்லமாட்டேன், கரிமூட்டம் போட்டு அதுலதான் அடுப்பெரியுற வீடு ராமநாதபுரத்துல நிறைய இருக்கு, வெள்ளாமை இல்லாத வருஷத்துல அதுதான் அவங்களுக்குக் கஞ்சி ஊத்துது.

தூர்வார்றதுல பண்ணக்கூடாதது

2017ல குடிமராமத்துன்னு (ஊர்க்காரங்களே சேர்ந்து கம்மாயைச் சரி பண்றது) பழைய பேரையே எடுத்து அரசாங்கம் திட்டம் ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் தூர்வார்றது ஒரு ஃபேஷன் மாதிரி ஆயிடுச்சு. நல்லதுதான், ஆனா கம்மாய்னா ஆழமா தோண்டுனா நல்லதுன்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அது தப்பு. மடையோட அடிமட்டத்துக்குக் கீழ தோண்டுற பள்ளத்துல நிக்குற தண்ணி வயலுக்குப் பாயாது, மோட்டார் வச்சவன் மட்டும்தான் எடுப்பான். ஆடு மாடு குடிக்கவும் கோடையில மீனுக்கும் ஒரு ஓரத்துல அப்படி ஒரு பள்ளம் இருக்கலாம், கம்மாய் முழுக்க சவுடு மண்ணுக்காக குண்டும் குழியுமா பறிச்சா, முதல்ல வர்ற தண்ணியெல்லாம் அந்தக் குழிகளை நிரப்பவே சரியா போயிரும். கரையோட அடியில தோண்டவே கூடாது, கரை சரியும். அடியில இருக்குற களிமண் படுகையைக் கிழிச்சாலும் தண்ணி நிக்காம இறங்கிடும், கிணத்துக்காரங்களுக்கு அது சந்தோஷம், மடைப் பாசனக்காரங்களுக்கு வயித்தெரிச்சல்.

அப்ப எதை எடுக்கணும்னா, வரத்துக்கால் வந்து கம்மாய்க்குள்ள நுழையுற வாயில மேடு தட்டியிருக்கும், அதையும், மடைக்கு முன்னாடி தேங்குன வண்டலையும், மடை மட்டம் வரைக்கும். அந்த வண்டலை வயலுக்கு அடிங்க, மணல்பாங்கான நிலத்துல ஈரம் பிடிச்சு வைக்கும், ரெண்டு மழைக்கு நடுவுல ஒரு வாரம் தாக்குப் பிடிக்கும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க தாசில்தார்கிட்ட அனுமதி வாங்கணும், ஆன்லைன்லயே மனு போடலாம், காசு கிடையாது. அப்புறம் மடை ஷட்டர், கீழ இருக்குற கலுங்கு, இதுல ஒழுகுறதை அடைக்குறது நாலு மூட்டை சிமென்ட் வேலை, பல ஊர்ல அதைப் பண்ணாம லட்சக்கணக்குல தோண்டிக்கிட்டு இருக்காங்க.

போர்வெல் கணக்கு

இப்ப கஷ்டமான இடத்துக்கு வந்துட்டோம், ஏன்னா வரத்துக்கால்ல குத்தவாளி யாரோ ஒருத்தன், இங்க நாம எல்லாருமே.

தமிழ்நாட்டுல முக்கால்வாசி நிலம் அடியில கடினப் பாறை. அங்க நிலத்தடி நீர்னா பூமிக்கு அடியில கடல் மாதிரி கிடக்குறது இல்ல, மேலாப்புல சிதைஞ்ச பாறை அடுக்குலயும், கீழ வெடிப்புலயும் கொஞ்சம் கொஞ்சம் நிக்குறது. மேலடுக்குல இருக்குறது ஒவ்வொரு மழைக்கும் ஊறும், கிணறு அதுல ஓடுது. ஆயிரம் அடியில வெடிப்புல இருக்குறது எப்பவோ சேர்ந்தது, எடுத்தா அது திரும்ப நிறையுறதுக்கு ரொம்ப காலம் ஆகும். சேலம், நாமக்கல், கோயம்புத்தூர் பக்கம் ஆயிரம் அடி தாண்டி போர் போடுறது சாதாரணமா போச்சு. மாநிலத்துல அப்ப இருந்த 1166 குறுவட்டத்துல (ஃபிர்கா) 400க்கு மேல, ஊறுறதை விட அதிகமா எடுக்குற பகுதின்னு 2020 நிலத்தடி நீர் கணக்கெடுப்புல வந்துச்சு. 1990 வாக்குல இருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், அது இல்லன்னா சிறு விவசாயி செத்தே போயிருப்பான், அதை நான் குறை சொல்லல, ஆனா மீட்டர் இல்லாததால யாரு எவ்வளவு எடுக்குறோம்னு எடுக்குறவனுக்கே தெரியாது, அதுதான் பிரச்சனை.

தெரிஞ்சுக்கிறது சுலபம். 20 லிட்டர் வாளியைக் குழாய் வாயில வச்சு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு பாருங்க. பத்து செகண்டுன்னா மணிக்கு 7200 லிட்டர், அஞ்சு செகண்டுன்னா 14,400. அதை ஓடுற மணி நேரத்தாலயும் நாளாலயும் பெருக்குங்க, வர்ற எண்ணைப் பார்த்து ஷாக் ஆகாதீங்க. கிணத்துல நீர்மட்டத்தை வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கல் முடிஞ்சு ஒண்ணு, மே மாசம் ஒண்ணு, மோட்டார் போடாத விடியக்காலையில கயித்துல கல்லைக் கட்டி விட்டு அளந்து எழுதுங்க. மழை இயல்பா இருந்தும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மட்டம் கீழயே போயிட்டிருந்தா, அது வறட்சி இல்ல, இருப்பை மீறி எடுக்குற ஓவர்டிராஃப்ட்.

கிணறு வத்துனா இன்னும் ஆழப் போடுறதுதான் இங்க வழக்கம், பக்கத்துத் தோட்டக்காரன் 400 அடி போட்டான்னா நம்ம 60 அடி கிணறு காலி, நாம 600 போட்டா அவன் காலி, கடைசியில கடன் யார்கிட்ட அதிகமா இருக்கோ அவன் முதல்ல நிலத்தை விக்கிறான். சொட்டுநீர் இதுக்குத் தீர்வான்னு கேட்டா, பாதி. சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கு, போடுங்க. ஆனா சொட்டுநீர்ல மிச்சமான தண்ணியை வச்சு இன்னும் ரெண்டு ஏக்கர் கரும்போ வாழையோ சேர்த்துப் போட்டா கிணத்துக்கு ஒரு சொட்டு மிச்சம் இல்ல, மிச்சம் ஆனது நம்ம கணக்குலதான், பூமி கணக்குல இல்ல. மகாராஷ்டிராவுல மராத்வாடா பக்கம் மழை மறைவுப் பகுதியில கரும்பாப் போட்டுத் தள்ளுனாங்க, 2016ல லாத்தூருக்கு ரயில்ல தண்ணி போச்சு. அதே மகாராஷ்டிராவுல ஹிவ்ரே பஜார்னு ஒரு ஊரு, அதுவும் மழை கம்மியான ஊருதான், பாசனத்துக்கு போர்வெல் போடக்கூடாது, கரும்பு வாழை கூடாதுன்னு கிராம சபையிலயே முடிவு பண்ணி, வருஷா வருஷம் மழையை அளந்து அதுக்குத் தக்கபடி என்ன பயிர்னு தீர்மானிக்கிறாங்க. ஆளுங்க வேற ஒண்ணும் இல்ல, ஊர் கூடி ஒத்துக்கிட்டாங்க, அது மட்டும்தான் வித்தியாசம், அதுதான் கஷ்டமும்.

தண்ணி பட்ஜெட்: இதை கார்த்திகையில பண்ணனும், மாசியில இல்ல

ஒரு உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுறேன். கம்மாய் நீர்ப்பரப்பு 60 ஏக்கர், சராசரி ஆழம் ஒரு மீட்டர்னு வைங்க. 60ஐ 4047ஆல பெருக்குனா 2.43 லட்சம் கன மீட்டர், அதாவது 24 கோடி லிட்டர் சொச்சம். நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மி.மீ. வாக்குல ஆவியாவே போயிரும், நூறு நாள்ல அரை மீட்டர், அதோட கசிவும் சேரும், ஆனா அதுக்குள்ள பாசனத்துக்கும் எடுத்துக்கிட்டே இருப்போம்ங்கிறதால மூணுல ஒரு பங்கு போச்சுன்னு கழிச்சா 16 கோடி மிச்சம். நெல்லுக்கு ஏக்கருக்கு 1200 மி.மீ. வாக்குல வேணும், வயல்ல நேரா பெய்யுற மழை கொஞ்சம் கை குடுத்தா கம்மாய்ல இருந்து 1000 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர். ஆக கம்மாய் நிறைஞ்சா 40 ஏக்கர் நெல்லு. பாதி தண்ணிதான் இருக்குன்னா 20 ஏக்கர். ஆனா அதே பாதித் தண்ணியில உளுந்து போட்டா, அதுக்கு 300 மி.மீ. வாக்குல போதும், ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர், 66 ஏக்கர் வரைக்கும் வரும். கம்பு, கேழ்வரகும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். நிலக்கடலை 500 தாண்டும். கரும்பு 2000, அதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

இந்தக் கணக்கைப் பார்த்துட்டும் எல்லாரும் 40 ஏக்கரும் நெல்லை நட்டுட்டு "எப்படியும் ஒரு புயல் வரும்"னு உக்காந்திருந்தா கதிர் வர்ற நேரத்துல கருகும், அதுதான் பெரும்பாலான ஊர்ல வறட்சின்னு நடக்குறது. நவம்பர் நடுவுல ஒரு தடவை, நவம்பர் கடைசியில ஒரு தடவை கம்மாய் மட்டத்தைப் பாருங்க. முக்கால் இருந்தா குறுகிய கால நெல். அரைன்னா மடைக்குக் கிட்ட இருக்குற வயல்ல மட்டும் நெல், மிச்சத்துல பயறு வகை. கால்னா நெல்லை மறந்துடுங்க, தண்ணியை ஆடு மாட்டுக்கும் கிணத்துக்கும் விட்டுடுங்க.

அரை கம்மாய் வருஷத்துல மடைக்குக் கிட்ட நிலம் வச்சிருக்குறவன் மட்டும் நெல் போட்டா கடைமடைக்காரன் சும்மா இருப்பானா? இலங்கையில உலர்வலயக் குளங்கள்ல பெத்மன்னு ஒரு வழக்கம் இருக்கு, தண்ணி கம்மியான வருஷம் குளத்துக்குக் கிட்ட இருக்குற வயலை மட்டும் பயிர் பண்ணி, அதை எல்லாருக்கும் அவங்கவங்க நிலத்தோட அளவுக்கு ஏத்தபடி பங்கு பிரிச்சுக்குவாங்க, அந்த ஒரு போகத்துக்கு மட்டும். அது முடியாதுன்னா கடைமடைக்காரனுக்குப் பயறு விதையை ஊர்ப் பணத்துல வாங்கிக் குடுக்கலாம், ஏதோ ஒரு வழியில நட்டத்தைப் பங்கு போட்டாதான் முறைப்பாசனம் நிக்கும், இல்லன்னா ராத்திரியில மடையைத் திறந்து விட்டுட்டுப் போயிருவான், நானா இருந்தாலும் திறப்பேன்.

பேப்பர் வேலை

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், அன்னிக்கு வரத்துக்கால் ரிப்போர்ட்டைப் படிச்சு தீர்மானம் போடுங்க, கோடையில வேலை நடக்கும். நவம்பர் 1ல, கம்மாய் எவ்வளவு பெருகுனா என்ன பயிர்னு முடிவு. ஆயக்கட்டு (கம்மாய்த் தண்ணி பாயுற நிலம்) 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல இருந்தா கம்மாய் நீர்வளத்துறையோடது, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், இது தெரியாம தப்பான ஆபீஸ்ல மனு குடுத்து அலையுறவங்க ஏராளம். ஆக்கிரமிப்புக்கு 2007ல வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, முதல்ல சர்வே பண்ணி எல்லைக்கல் நடச் சொல்லி கேளுங்க, ஆளு பேரைப் போட்டு புகார் எழுதாதீங்க, சர்வே நம்பரை எழுதுங்க. பேரு எழுதுனா அது சண்டை, நம்பர் எழுதுனா அது ரெக்கார்டு. தனியா போகாதீங்க, பத்துப் பேரு கையெழுத்தோட போங்க.

டவுன்காரங்களுக்கு

சென்னை 2015 டிசம்பர்ல மூழ்குச்சு, 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காய்ஞ்சு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு டிரிப்புக்கு 25 லட்சம் லிட்டர். 2018 மழை கைவிட்டது உண்மைதான், ஆனா தி.நகர் இருக்குற இடத்துல ஒரு காலத்துல பெரிய ஏரி, நுங்கம்பாக்கத்துல ஏரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல மிஞ்சுனது கொஞ்சம்தான், பெஞ்ச மழை தங்க இடம் எங்க இருக்கு? ஏரியை நீங்க திருப்பி வாங்க முடியாது, மொட்டை மாடி உங்களோடதுதான். 1000 சதுர அடி மாடியில சென்னையில பெய்யுற 1400 மி.மீ. மழையில வீணாப் போறது போக ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கலாம். 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், எல்லா வீட்லயும் பைப் இருக்கு, பாதி வீட்ல அது எங்கயும் போய்ச் சேரல. புரட்டாசியில மாடியைக் கூட்டி, ஃபில்டர்ல இருக்குற ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டு, ஒரு வாளி தண்ணி ஊத்தி எங்க போய் விழுதுன்னு பாருங்க. முதல் மழைத் தண்ணியை வெளிய விட்டுடுங்க. பழைய கிணறு இருந்தா அதுல விடுறது எல்லாத்தையும் விட நல்லது, கழிவுநீர்த் தொட்டி பக்கத்துல மட்டும் வேண்டாம்.

மழை நெசமாவே பொய்ச்சுட்டா

அப்ப நிவாரணம், இன்சூரன்ஸ் ரெண்டும் பேப்பர்லதான் நிக்குது. விதைச்ச உடனே விஏஓகிட்ட அடங்கல்ல (ஊர்ப் பயிர்க் கணக்கு) பயிர் பேரும் பரப்பும் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க, நெல்லுன்னு போட்டு உளுந்து விதைச்சிருந்தா பின்னாடி ஒண்ணும் கிடைக்காது. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாதான் இடுபொருள் நிவாரணத்துக்குத் தகுதி, அதனால கணக்கெடுக்க ஆள் வர்றதுக்கு முன்னால பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டுடாதீங்க, வாரத்துக்கு ஒரு போட்டோ தேதியோட எடுத்து வைங்க. இன்சூரன்ஸ்ல தனி ஆள் வயலைப் பார்க்கமாட்டாங்க, ஊர் சராசரி மகசூலைத்தான் பார்ப்பாங்க, அதனால பயிர் அறுவடை சோதனை நடக்குற அன்னிக்கு ஊர்ல ரெண்டு பேராவது கூட நின்னு எடையை எழுதிக்கோங்க. குத்தகைக்காரங்க நிலத்துக்காரர்கிட்ட கையெழுத்து வாங்குறதை விதைக்குற அன்னிக்கே முடிச்சுடுங்க, பயிர் காய்ஞ்சப்புறம் கேட்டா நிவாரணப் பணம் யாருக்குன்னு பேச்சு வரும், கையெழுத்து வராது.